கம்பெனி கணக்கில் நூறு சதவீதம்... கடையநல்லூர் ஓடையில் எவ்வளவு?

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஷாம்பு பாக்கெட். கடையநல்லூர் மெயின் ரோட்டில் எந்தப் பெட்டிக்கடைக்குப் போனாலும் சரம் சரமாகத் தொங்கும். சாரல் சீசன் வந்துவிட்டால் ராஜபாளையம், புளியங்குடி வழியாகக் குற்றாலம் போகும் வேன்கள் டீ குடிக்க நிற்கிற இடமெல்லாம் அதுதான் ஓடும். கிழித்து, பிழிந்து, கீழே போட மூன்று விநாடி போதும். அதற்குப் பிறகு அந்த உறைக்கு யார் பொறுப்பு?

போட்டவர்தான் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். நகராட்சிதான் என்றும் சொல்வோம். ஆனால் சட்டம் மூன்றாவதாக ஒருவரைக் கைகாட்டுகிறது. அந்த உறையில் பெயர் அச்சிட்டு விற்ற கம்பெனிதான் அது. சந்தைக்கு அனுப்பிய பிளாஸ்டிக் உறைக்கு ஈடாகக் கழிவைத் திரும்பச் சேகரித்து, மறுசுழற்சி செய்து, அதற்கான செலவையும் ஏற்க வேண்டியது கம்பெனியின் கடமை. இந்தியாவில் பிளாஸ்டிக் உறைகளுக்கு இதற்கான விரிவான நெறிமுறை 2022 பிப்ரவரி 16 அன்று வந்தது. விற்ற அளவில் 2021-22-க்கு 25 சதவீதம், 2022-23-க்கு 70 சதவீதம், 2023-24-க்கு 100 சதவீதம் என்று அதில் இலக்கு போட்டிருக்கிறார்கள்.

அதாவது, விதிப்படி பார்த்தால், சந்தைக்குப் போன பிளாஸ்டிக் உறைகள் முழுவதுக்கும் இப்போது கம்பெனிகள் பொறுப்பேற்றிருக்க வேண்டும்.

ஊருக்குள் ஒரு நடை நடந்து பாருங்கள். கடையநல்லூர் என்றில்லை, சங்கரன்கோவிலோ தென்காசியோ எங்கே வேண்டுமானாலும். அந்த நூறு சதவீதம் எங்கே இருக்கிறது?

கம்பெனிகள் எல்லாரும் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. அதைவிடச் சிக்கலான விஷயம் இது. நாம் அளக்கிற முறையே தப்பு. அளவுகோல் தப்பாக இருந்தால் யாருமே ஏமாற்றாமல் கூட நூறு சதவீதம் வந்துவிடும்!

யோசனை எங்கிருந்து வந்தது?

ஆங்கிலத்தில் இதற்கு மூன்றெழுத்துச் சுருக்கம் உண்டு: இபிஆர். தமிழில் ‘நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு’ என்று நீட்டி முழக்குகிறார்கள். ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் தாமஸ் லிண்ட்க்விஸ்ட் 1990-ல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு எழுதிய அறிக்கையில் முன்வைத்த யோசனை இது. குப்பையை அள்ளும் செலவு கம்பெனியின் தலையில் விழுந்தால், குப்பை குறைவாக வரும் மாதிரி பொருளை வடிவமைக்கக் கம்பெனியே முயலும் என்பதுதான் அதன் அடிப்படை. அடுத்த ஆண்டே ஜெர்மனி தனது உறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

இந்தியாவில் இந்தப் பொறுப்பு மின்னணுக் கழிவுக்குத்தான் முதலில் வலுவாக வந்தது. 2011-ல் விதி போட்டு, 2012 மே 1 முதல் அமலானது. பிறகு 2022-ல் பிளாஸ்டிக், டயர், பேட்டரி என்று வரிசையாக வந்தன. ஆக, பத்துப் பன்னிரண்டு வருஷமாக நமக்குத் தெரிந்த சட்டம்தான். பொதுமக்கள் காதில் இன்னும் சரியாக விழவில்லை, அவ்வளவுதான்.

சான்றிதழ் எப்படிப் பிறக்கிறது?

இங்கேதான் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஷாம்பு கம்பெனி தானே வந்து கடையநல்லூரில் உறை பொறுக்காது. பொறுக்கச் சொல்லி விதியும் கட்டாயப்படுத்தவில்லை. அது செய்வது சான்றிதழ் வாங்குவதுதான். நாட்டில் எங்கோ ஒரு மூலையில், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் பதிவு செய்த மறுசுழற்சி ஆலை ஒன்று இருக்கும். அது இத்தனை டன் பிளாஸ்டிக் கழிவை வாங்கிப் பதப்படுத்தினேன் என்று கணக்கு ஏற்றும். அந்த எடைக்குச் சான்றிதழ் உருவாகும். அதைக் கம்பெனி காசு கொடுத்து வாங்கித் தன் இலக்கில் கழித்துக்கொள்ளும். கிட்டத்தட்ட பங்குச்சந்தை மாதிரி, குப்பைக்கு ஒரு சந்தை.

இந்த ஏற்பாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாக வண்டி விட்டால் செலவு எகிறும். எங்கே மலிவாக மறுசுழற்சி நடக்கிறதோ அங்கே நடக்கட்டும், காசு மட்டும் போகட்டும் என்பது பொருளாதாரப்படி சரியான வாதம்தான். சான்றிதழ் வந்த பிறகு மறுசுழற்சித் தொழிலுக்குள் புதுப் பணம் வந்திருப்பதும் உண்மை.

ஆனால் இதில் ஊர் என்பதே காணாமல் போய்விட்டது. கம்பெனி காட்டுவது நாடு முழுவதற்குமான ஒரே எண். அந்த எண்ணில் கடையநல்லூர் இருக்கிறதா இல்லையா என்று கேட்க வழியே இல்லை. குஜராத்தில் ஒரு ஆலை வாசலில் எடை போடப்பட்ட ஒரு டன், கருப்பாநதிக் கால்வாயில் அடைத்துக் கிடக்கும் ஒரு டன்னுக்கு ஈடாகிவிடும். கணக்கு நேராகிவிட்டது. கால்வாய் அப்படியேதான் இருக்கிறது.

அந்த ஆலை வாசல் எடையையாவது நம்பலாமா? 2023-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குஜராத், மகாராஷ்டிரா, கர்நாடகாவைச் சேர்ந்த நான்கு ஆலைகளைத் தணிக்கை செய்தது. சுமார் 6 லட்சம் சான்றிதழ்கள் போலி என்று தெரியவந்தது. அந்த ஆலைகளின் இயந்திரத் திறனுக்கும் அவை ஏற்றிய கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. நினைத்துப் பாருங்கள், நான்கே நான்கு ஆலைகள்! திட்டம் முழுவீச்சில் ஓடத் தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வருஷத்திலேயே இந்த நிலை.

போலியைப் பிடித்தது வாரியம்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு சரிபார்ப்பு முறைகளும் கடுமையாகியிருக்கின்றன. இருந்தாலும் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. போலி ஒன்றுகூட இல்லாமல் எல்லாச் சான்றிதழும் அசலாகவே இருந்தால், நம்ம ஊர் சுத்தமாகிவிடுமா?

ஆகாது. காரணம் எடை.

எடை என்கிற தராசு

சாஷே நம்ம ஊர்க் கண்டுபிடிப்பு என்பது பலருக்குத் தெரியாது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன்தான் இந்தியாவில் சின்னப் பாக்கெட் யோசனைக்கு முன்னோடி. அவர் குடும்பத்திலிருந்து வந்த வெல்வெட், சிக் ஷாம்புகள் பாட்டில் வாங்க வசதி இல்லாத வீடுகளுக்கும் ஷாம்புவைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஏழைக்கும் எட்டுகிற விலை என்று இன்றைக்கும் மேலாண்மை வகுப்புகளில் பாடம் நடத்துகிறார்கள். உண்மைதான், அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது. ஆனால் அந்தப் பாடத்தில் காலி உறை எங்கே போனது என்ற அத்தியாயம் இல்லை.

ஒரு காலி சாஷேயின் எடை ஒரு கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ சேர்க்க ஆயிரம் சாஷே பொறுக்க வேண்டும். ஒரு டன்னுக்குப் பத்து லட்சம். ஒரு தண்ணீர் பாட்டில் இருபது கிராம் என்றால் ஐம்பது பாட்டிலில் ஒரு கிலோ வந்துவிடும். குனிந்து நிமிரும் வேலை ஒன்றுதான், கூலி இருபது மடங்கு வித்தியாசம். அதனால்தான் பழைய இரும்புக் கடைக்குப் போகும் சாக்குகளில் பாட்டில் இருக்கும், பால் கவர் இருக்கும், சாஷே இருக்காது. பொறுக்குபவர் முட்டாள் இல்லை. அவருக்கு மாலையில் அரிசி வாங்க வேண்டும்.

இதற்கு விதியில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பிளாஸ்டிக் உறைகளை வகை வகையாகப் பிரித்திருக்கிறார்கள். கெட்டியான பாட்டில், டப்பா முதல் வகை. வளையக்கூடிய கவர், பை, பாக்கெட் இரண்டாவது. பிளாஸ்டிக்கோடு அலுமினியம் மாதிரி வேறு பொருளும் ஒட்டிய பல அடுக்கு உறை மூன்றாவது. மக்கும் பிளாஸ்டிக் நான்காவது. ஒரு வகையில் பாக்கி வைத்துவிட்டு இன்னொரு வகைச் சான்றிதழைக் காட்டித் தப்பிக்க முடியாது. நல்ல விதி.

ஆனால் இரண்டாவது வகைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கேரி பேக், பால் கவர், பிளாஸ்டிக் ஷீட் எல்லாம் அதில்தான். முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன சாஷேயும் அதில்தான். கோடவுனில் சரக்குக்கு மேல் சுற்றிய பெரிய பிளாஸ்டிக் ஷீட்டைக் கிலோ கிலோவாகச் சேகரிப்பது சுலபம், சுத்தமாகவும் இருக்கும். அந்த ஷீட்டை உருக்கி வந்த சான்றிதழ், சாஷே விற்ற கம்பெனியின் கணக்கையும் நேர் செய்துவிடும். இதில் பொய் இல்லை, சட்டமீறல் இல்லை. அதே நேரம், வாழ்நாளில் ஒரு சாஷேகூடத் திரும்பிப் போயிருக்காது.

சிப்ஸ் பாக்கெட் போன்ற மூன்றாம் வகைக்கு நிலைமை இன்னும் தளர்வு. 2024-25-ல் அதற்கான குறைந்தபட்ச மறுசுழற்சி இலக்கு 30 சதவீதம்தான். மிச்சத்தை சிமென்ட் ஆலைச் சூளையில் எரித்தாலும், சாலை போடப் பயன்படுத்தினாலும் கணக்கில் சேரும். எரிப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. ஓடையில் கிடப்பதைவிடச் சூளைக்குப் போவது மேல். ஆனால் அதையும் மறுசுழற்சியையும் ஒரே ‘நிறைவேற்றம்’ என்ற வார்த்தைக்குள் போட்டு விளம்பரத்தில் பச்சை இலை வரைவது நியாயம் இல்லை.

எதால் வகுக்கிறோம்?

பள்ளிக்கூடத்தில் சதவீதம் படித்தபோது, மேலே உள்ள எண்ணைவிடக் கீழே உள்ள எண் முக்கியம் என்று வாத்தியார் சொல்லியிருப்பார். குப்பைக் கணக்கில் எல்லா வித்தையும் அந்தக் கீழ் எண்ணில்தான் நடக்கிறது.

மின்னணுக் கழிவை எடுத்துக்கொள்வோம். கடையநல்லூருக்கு இது ரொம்பப் பொருந்தும். வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்பவர்கள் ஏராளமாக உள்ள ஊர். டிவி, மிக்ஸி, செல்போன் என்று வீட்டுக்கு வீடு மூன்று தலைமுறை மின்சாதனங்கள் பரணில் கிடக்கும்.

மத்திய வாரியக் கணக்குப்படி 2017-18-ல் இந்தியாவில் உருவான மின்னணுக் கழிவு சுமார் 7.08 லட்சம் டன். சேகரித்தது சுமார் 69 ஆயிரம் டன், பத்து சதவீதத்துக்கும் குறைவு. 2021-22-ல் உருவானது 16.01 லட்சம் டன், சேகரித்துப் பதப்படுத்தியது 5.27 லட்சம் டன். அதாவது 33 சதவீதம். நான்கே வருஷத்தில் பத்திலிருந்து முப்பத்து மூன்று! கைதட்டலாம்தானே?

பொறுங்கள். அந்த 16 லட்சம் டன்னை யாரும் எடை போட்டுச் சொல்லவில்லை. கம்பெனிகள் தந்த விற்பனை விவரத்தையும், ஒவ்வொரு பொருளும் சராசரியாக எத்தனை வருஷம் உழைக்கும் என்ற அனுமானத்தையும் வைத்துப் போட்ட கணக்கு. அதுவும் அப்போது பட்டியலில் இருந்த 21 வகைப் பொருட்களுக்கு மட்டும். ஐ.நா. அமைப்புகள் 2024-ல் வெளியிட்ட உலக மின்னணுக் கழிவு அறிக்கை, 2022-ல் இந்தியாவில் உருவானது சுமார் 41 லட்சம் டன் என்கிறது. அது எல்லா மின்சாதனங்களையும் சேர்த்த மதிப்பீடு. அந்த 41-ஐக் கீழே போட்டு அதே 5.27-ஐ வகுத்தால் என்ன வரும்? பதிமூன்று சதவீதம்கூட வராது.

சேகரித்த டன் ஒன்றுதான். மதிப்பெண் மட்டும் 33-லிருந்து 13-க்கு இறங்கிவிட்டது.

2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய விதி பட்டியலை 106 பொருட்களாக விரித்தது. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் பழைய வருஷத்து சதவீதத்தையும் புது வருஷத்து சதவீதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, கீழ் எண் மாறிவிட்டது என்ற நினைப்பு இருக்கணும். செய்தி அறிக்கைகளில் அந்த அடிக்குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை.

பிளாஸ்டிக்கில் இந்த இடைவெளி இன்னும் பெரிசு. 2020-21-ல் நாடு முழுவதும் உருவான பிளாஸ்டிக் கழிவு சுமார் 41 லட்சம் டன் என்பது அரசுக் கணக்கு. 2024 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் பிரிட்டனின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் சேகரிப்புக்குள் வராமல் சுற்றுச்சூழலில் கலப்பது அல்லது திறந்தவெளியில் எரிக்கப்படுவது மட்டும் வருஷத்துக்கு 93 லட்சம் டன் என்று மதிப்பிட்டது. உருவானதைவிடச் சிந்தியது இரண்டு மடங்கு! இரண்டும் ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியாது. ஆய்வும் ஒரு கணினி மாதிரிதான், அதிலும் பிழை இருக்கலாம். ஆனால் கீழ் எண்ணில் இவ்வளவு சண்டை இருக்கும்போது, மேலே வருகிற சதவீதத்தைப் புள்ளி வைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

ஐரோப்பியர்களும் இதில் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். முன்பெல்லாம் சேகரித்துத் தரம் பிரித்த எடையையே ‘மறுசுழற்சி’ என்று பல நாடுகள் எழுதிக்கொண்டிருந்தன. 2019-ல் கணக்கு முறையை மாற்றினார்கள். அழுக்கு, ஈரம், வேண்டாத பொருள் எல்லாம் கழித்து, மறுசுழற்சி இயந்திரத்துக்குள் நிஜமாகவே போகிற எடையை மட்டும்தான் எழுத வேண்டும் என்றார்கள்.

காசு யார் கைக்குப் போகிறது?

என் பார்வையில் முக்கியமான அளவுகோல் இதுதான். ஆச்சரியமாக, இதை யாரும் அளப்பதே இல்லை.

உற்பத்தியாளர் செலவில் நடக்கும் திட்டம் என்றுதானே பெயர்? அப்படியானால் உற்பத்தியாளர் எவ்வளவு செலவு செய்தார், அதில் எவ்வளவு குப்பை அள்ளியவருக்குப் போனது என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். கடையநல்லூர் நகராட்சியில் 2011 கணக்கெடுப்பிலேயே சுமார் 90 ஆயிரம் பேர். இப்போது இன்னும் கூடியிருக்கும். வீடு வீடாக வரும் தூய்மைப் பணியாளர் சம்பளம், வண்டி டீசல், தரம் பிரிக்கிற கொட்டகை, எல்லாம் நகராட்சிச் செலவு. அதாவது நீங்கள் கட்டும் சொத்து வரியும் அரசு மானியமும். பிரித்தெடுத்த பிளாஸ்டிக்கை ஒரு ஆலை எடுத்துப் போனால், அங்கே சான்றிதழ் பிறக்கும், அதற்கு விலை கிடைக்கும். அந்த விலையில் இத்தனை பங்கு நகராட்சிக்கு என்று விதியில் கட்டாயம் எதுவும் இல்லை. பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். பெரிய ஆலையோடு பேரம் பேச ஒரு சின்ன நகராட்சியின் சுகாதார அலுவலருக்கு என்ன பலம் இருக்கிறது?

பிரான்ஸில் உறைக் கழிவைச் சேகரிக்கும் நியாயமான செலவில் 80 சதவீதத்தை உற்பத்தியாளர் அமைப்பு உள்ளாட்சிகளுக்குத் தர வேண்டும் என்று சட்டமே இலக்கு வைத்திருக்கிறது. பிரிட்டனில் 2025-ல் தொடங்கிய புது முறையில் முதல் ஆண்டிலேயே 100 கோடி பவுண்டுக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கினார்கள். அங்கே ஒரு கவுன்சிலர் எழுந்து, நம்ம ஊருக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டால் ஒரு எண் பதிலாக வரும். இங்கே அந்தக் கேள்விக்கு உட்கார இடமே இல்லை.

விலை விஷயத்தில் இந்தியாவில் ஒரு சண்டை நடந்தது, கவனித்தீர்களா? மின்னணுக் கழிவுச் சான்றிதழை மறுசுழற்சி ஆலைகள் போட்டி போட்டுக்கொண்டு அடிமாட்டு விலைக்கு விற்றன. அந்த விலையில் ஒழுங்காக மறுசுழற்சி செய்யவே முடியாது. அதனால் மத்திய வாரியம் வீட்டு மின்சாதனங்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தபட்சம் 22 ரூபாய் என்று தரை விலை வைத்தது. சாம்சங், எல்ஜி, டைகின், வோல்டாஸ் போன்ற நிறுவனங்கள் இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. விலையை அரசு நிர்ணயிக்கக் கூடாது, செலவு பல மடங்கு கூடுகிறது என்பது அவர்கள் வாதம்.

கம்பெனிகளுக்கு வாதாட உரிமை உண்டு. ஆனால் அந்த வழக்கு நமக்கு ஒரு ரகசியத்தைப் போட்டு உடைத்தது. 22 ரூபாயே பல மடங்கு கூடுதல் என்றால், அதுவரை கிலோவுக்கு என்ன கொடுத்துக்கொண்டிருந்தார்கள்? அந்தக் காசில் பரணில் கிடக்கும் பழைய டிவியைக் கடையநல்லூரிலிருந்து யார் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள்? பழைய இரும்புக் கடைக்காரர் தூக்குவார். செம்புக் கம்பியை எடுக்க வயரை எரிப்பார். அந்தப் புகை எந்தச் சான்றிதழிலும் வராது.

இன்னொன்று. புது விதியில் மின்னணுக் கழிவுச் சான்றிதழ் இரும்பு, அலுமினியம், செம்பு, தங்கம் என்ற நான்கு உலோகங்களின் அடிப்படையில் கணக்காகிறது. மதிப்புள்ளதை மீட்க இது ஊக்கம். ஆனால் எதை அளக்கிறோமோ அதைத்தான் தொழில் தேடிப் போகும். அளக்காத ஈயத்தையும் பிளாஸ்டிக் கூட்டையும் யார் தேடுவார்?

டாஸ்மாக் பாட்டில் சொல்லும் பாடம்

சரி, ஒழுங்காக அளக்கிற திட்டம் ஒன்றுகூட இல்லையா? இருக்கிறது. நம்ம மாநிலத்திலேயே.

நீலகிரிக் காடுகளில் உடைந்த மதுபாட்டில்கள் யானைகளின் காலைக் கிழித்துக்கொண்டிருந்தன. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்குவது, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்த 10 ரூபாயைக் கொடுப்பது என்று திட்டம் தொடங்கியது. 90 சதவீதத்துக்கு மேல் பாட்டில்கள் திரும்பின. அப்புறம் படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது.

இந்த எண்ணை நான் நம்புவேன். ஏன்? கீழ் எண், விற்ற பாட்டில். மேல் எண், திரும்பிய பாட்டில். இரண்டையும் ஒரே கடையில் எண்ணலாம். எடை இல்லை, அனுமானம் இல்லை, ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஆலையின் கணக்குப் புத்தகம் இல்லை. எந்தக் கடையில் குறைகிறது என்று கடை வாரியாகச் சொல்ல முடியும். ஜெர்மனியில் 2003 முதல் தண்ணீர், பீர் பாட்டில்களுக்கு இதே வேலையைத்தான் செய்கிறார்கள், அங்கேயும் கிட்டத்தட்ட எல்லாமே திரும்புகின்றன.

அதற்காக டாஸ்மாக் திட்டத்துக்கு முழு மார்க் போட மாட்டேன். இதில் பணம் போடுவது குடிப்பவர், தயாரிப்பவர் அல்ல. காலி பாட்டிலை வாங்கி, ஸ்டிக்கர் பார்த்து, அடுக்கி வைக்கிற வேலை முழுக்கக் கடை ஊழியர் தலையில் விழுந்தது. அவர்கள் போராட்டம் நடத்தினார்கள், நியாயமான போராட்டம். திரும்பாத பாட்டில்களின் பத்து ரூபாய்கள் என்ன ஆகின்றன, திரும்பியவை மறுபடி நிரப்பப்படுகின்றனவா, நொறுக்கப்படுகின்றனவா என்பதெல்லாம் அந்த 90 சதவீதத்துக்குள் தெரியாது. நல்ல அளவுகோலும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

சாஷேக்குப் பத்து ரூபாய் டெபாசிட் போட முடியாது, பொருளே இரண்டு ரூபாய். அப்போ என்ன செய்வது என்று கேட்டால், அதற்கும் பக்கத்து மாவட்டத்தில் ஒரு முன்னுதாரணம் உண்டு. 2018-ல் தூத்துக்குடியில் ஒரு பள்ளி மாணவிகள் இரண்டு வாரத்தில் தின்பண்ட உறைகள் 20 ஆயிரத்துக்கு மேல் சேர்த்தார்கள். கம்பெனி வாரியாகப் பிரித்து எண்ணினார்கள். உங்கள் பண்டத்தின் ருசி பிடிக்கிறது, உறைதான் பிடிக்கவில்லை என்ற தொனியில் கடிதம் எழுதி, மாநகராட்சி வழியாக அந்தந்தக் கம்பெனிக்கே அனுப்பிவைத்தார்கள். பலரும் அதைக் குழந்தைகளின் அழகான செயல் என்று பாராட்டிவிட்டுக் கடந்துபோனார்கள். எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. யாருடைய உறை, எந்த ஊரில், எத்தனை கிடக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் எடுத்த கணக்கு, இத்தனை கோடி ரூபாய் சான்றிதழ்ச் சந்தையில் இன்றுவரை இல்லாத கணக்கு.

ஊர்க் கணக்கு ஒன்று வேண்டும்

ஆகவே நான் கேட்பது புதுச் சட்டம் அல்ல. இருக்கிற இணையதளத்தில் ஒரு கூடுதல் பத்தி. சான்றிதழ் ஒவ்வொன்றிலும் அந்தக் கழிவு எந்த உள்ளாட்சியிலிருந்து வந்தது என்ற விவரம் கட்டாயமாக இருக்க வேண்டும். மறுசுழற்சி எங்கே வேண்டுமானாலும் நடக்கட்டும், கம்பெனிகளின் அந்த வாதத்தை ஏற்கிறேன். ஆனால் சேகரிப்பு எங்கே நடந்தது என்பது தெரிய வேண்டும். அது தெரிந்த அடுத்த நாளே பெரு நகரங்களிலிருந்து எவ்வளவு, கடையநல்லூர் மாதிரி ஊர்களிலிருந்து எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துவிடலாம். ஊர் வாரியாகக் குறைந்தபட்ச இலக்கு வைப்பதா என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.

இவ்வளவு விவரம் யார் எடுப்பது, நகராட்சியில் ஆளே இல்லையே என்பார்கள். முழுக் குப்பையையும் எண்ண வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு வண்டி உலர் குப்பையைக் கொட்டி, கம்பெனி வாரியாகப் பிரித்து எண்ணினால் போதும். தேர்தல் கருத்துக்கணிப்பு எல்லா வாக்காளரையும் கேட்டா நடக்கிறது? அந்தக் கணக்கில் முதல் ஐந்து இடத்தில் வரும் கம்பெனிகள், அந்த ஊரின் தரம் பிரிக்கும் செலவில் பங்கு தர வேண்டும் என்று மாநில அரசு பேசலாம். பிளாஸ்டிக் தடையிலும் மஞ்சப்பையிலும் முன்னால் நின்ற தமிழ்நாட்டுக்கு இது எட்டாத வேலை இல்லை.

2025 ஜூலை 1 முதல் பிளாஸ்டிக் உறை பற்றிய பதிவு விவரங்களை பார்கோடு அல்லது கியூஆர் கோடு வழியாகவும் தரலாம் என்று விதி திருத்தப்பட்டிருக்கிறது. போனில் ஸ்கேன் செய்தால் யார் தயாரித்தது, பதிவு எண் என்ன என்று தெரிந்துகொள்ள அது வழி செய்யும். அந்த உறையைப் போல எத்தனை உங்கள் மாவட்டத்திலிருந்து திரும்பிப் போனது என்ற வரியையும் சேர்க்கத் தொழில்நுட்பம் தடையாக இல்லை. சேர்க்கச் சொல்லி யாரும் இதுவரை கேட்கவில்லை.

கேட்க ஆரம்பிக்கலாம். அடுத்த முறை உங்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். போன மாதம் நம்ம நகராட்சியிலிருந்து எத்தனை கிலோ பிளாஸ்டிக் வெளியே போனது? எந்த ஆலைக்குப் போனது? லாரி வாடகையைக் கொடுத்தது அவர்களா, நாமா?